ஷிப்ட் பார்த்துப் போட்ட வீட்டுப்பாடம்

கணக்கு டீச்சர் வேலையில் ஒரே நிம்மதி, கடைசி மணி அடித்ததும் கரும்பலகையைத் துடைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம் என்பதுதான். வாட்ஸ்அப் குரூப் என்று ஒன்று வந்ததும் அதுவும் போயிற்று. இதைப் படிக்கிறவர்களில் யாராவது குரூப் அட்மினாக இருந்தால் என் பாட்டை விளக்க வேண்டியதே இல்லை. மற்றவர்கள் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

நெய்வேலி டவுன்ஷிப்பில் ஒரு பள்ளியில் இருபத்தாறு வருஷமாகக் கணக்கு எடுக்கிறேன். அது போதாதென்று ஞாயிற்றுக்கிழமைகளில், பத்தாம் வகுப்பைத் தனித்தேர்வராக எழுதுகிறவர்களுக்கு இரண்டு மணி நேரம் வகுப்பு. மொத்தம் பதினான்கு பேர். எல்லோரும் முப்பதைத் தாண்டியவர்கள், பெரும்பாலும் காண்ட்ராக்ட் வேலை. இந்த ஞாயிறு வருகிறவர் அடுத்த ஞாயிறு ஷிப்டில் இருப்பார். பதினான்கு பேரையும் ஒரே நாளில் நான் பார்த்ததே கிடையாது. அதனால்தான் குரூப் தொடங்கினேன். கோபக்காரி என்று எனக்கு ஏற்கெனவே பள்ளியில் பெயர் உண்டு. அந்தக் கோபம் போன் வழியாகவும் நன்றாகவே போய்ச் சேரும் என்று சீக்கிரமே தெரிந்துகொண்டேன்.

மீசைக்காரர்

முதல் வகுப்பில் ஒரு தாளைச் சுற்றவிட்டு எல்லோரையும் போன் நம்பர் எழுதச் சொன்னேன். வந்த நம்பர்களை அப்படியே குரூப்பில் சேர்த்தேன். அதில் கொளஞ்சி என்று ஒருவர். படத்தில் பெரிய மீசை, கறுப்புக் கண்ணாடி, பைக்கின் மேல் சாய்ந்தபடி போஸ். வீட்டுப்பாடத்தை நோட்டில் போட்டு, போட்டோ எடுத்து அனுப்பிவிடுவார். பாதி சரியாக இருக்கும், பாதி தப்பாக இருக்கும். ஆனால் ஒரு நாள்கூட விடமாட்டார். வகுப்புக்கு மட்டும் வந்ததே இல்லை. இன்னொரு பக்கம் அஞ்சலை. முத்தாண்டிக்குப்பத்திலிருந்து பஸ் பிடித்து, ஞாயிறு தவறாமல் முதல் பெஞ்சில் உட்காருகிறவள். குரூப் பக்கம் அவள் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை.

அந்த இரண்டு பேர் மேலும் எனக்கு எரிச்சல். அஞ்சலையிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அன்றே விஷயம் தெரிந்திருக்கும். கோபப்படுகிறவர்களுக்குக் கேள்வி கேட்க நேரம் இருப்பதில்லை. ஒரு மாதம் பொறுத்தேன். பிறகு ஒரு சாயங்காலம், "நேரில் வராதவர்களுக்கு இங்கே இடமில்லை" என்று குரூப்பில் எழுதிவிட்டுக் கொளஞ்சியை நீக்கினேன். மனசுக்கு ரொம்பத் திருப்தியாக இருந்தது.

அடுத்த ஞாயிறு வகுப்பு முடிந்து எல்லோரும் போன பிறகும் அஞ்சலை எழுந்திருக்கவில்லை. நோட்டை மூடி, திறந்து, மறுபடி மூடிவிட்டுச் சொன்னாள்: "டீச்சர், எங்க வூட்டுக்காரரு பேரத் தூக்கிட்டீங்க. கணக்குப் போட்டு அனுப்புனது நாந்தாங்க. வூட்ல இருக்கறது ஒரு போனுதான்."

ஸ்டோர் சாவி

அன்றைக்குத்தான் அவள் கதையையும் கேட்டேன். நாற்பத்தொரு வயது. டவுன்ஷிப்பில் ஒரு கேன்டீனில் காண்ட்ராக்ட் வேலை. விடியற்காலையில் போய் மூட்டை வெங்காயம் உரிப்பது, பிறகு சோற்று அண்டாவை இன்னொருத்தியோடு சேர்ந்து தூக்குவது. இரண்டு முழங்காலும் போய்விட்டன. டாக்டர் இனிமேல் கனம் தூக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். தூக்காவிட்டால் வேலை இல்லை.

அதே கேன்டீனில் ஸ்டோரைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டும். உட்கார்ந்து செய்கிற வேலை. அரிசி, பருப்பு, எண்ணெயை அளந்து கொடுத்து நோட்டில் எழுத வேண்டும், அவ்வளவுதான். ஆனால் பத்தாவது பாஸ் கேட்கிறார்கள். அஞ்சலை மற்ற பாடங்களையெல்லாம் தனியாகவே எழுதி பாஸ் செய்துவிட்டாள். கணக்கில் மட்டும் இரண்டு தடவை போய்விட்டது. இந்த மூன்றாவது தடவையும் போனால் அந்த இடத்துக்கு வேறு ஆள் வந்துவிடுவார். சூப்பர்வைசர் அவளிடம் சொன்னதை அவர் குரலிலேயே சொல்லிக் காட்டினாள்: "சர்டிபிகேட்டக் கொண்டா, சாவிய வாங்கிக்க."

ஃபிரிட்ஜ் கதவு

கொளஞ்சியை மறுபடி குரூப்பில் சேர்த்தேன். அப்போதும் ஒரு சிக்கல் இருந்தது. நான் தினமும் காலை ஏழு மணிக்குக் கணக்குப் போடுவேன். அஞ்சலையின் பதில் ஒரு வாரம் உடனே வரும், ஒரு வாரம் மத்தியானத்துக்கு மேல் வரும், ஒரு வாரம் சாயங்காலம் வரும். விசாரித்தால், கொளஞ்சிக்கு மைன்ஸில் காண்ட்ராக்ட் வேலை. போன் அவரோடு ஷிப்டுக்குப் போய்விடும். வேலை நேரம் முழுக்க அது பைக் பெட்டிக்குள் பூட்டிக் கிடக்கும். அவர் முதல் ஷிப்ட் என்றால் மத்தியானத்துக்கு மேல்தான் அவளுக்குப் போன். இரண்டாவது ஷிப்ட் என்றால் காலையில். நைட் ஷிப்ட் என்றால் சாயங்காலம், அவர் கிளம்பும் வரை.

இந்த ஊரில் பிறந்து வளர்ந்து, ஷிப்டுக்குப் போகிற மனுஷனையே கட்டிக்கொண்டவள் நான். இது எனக்கு முதல் நாளே தோன்றியிருக்க வேண்டும். மற்றவர்களையும் கேட்டேன். பதினான்கில் ஒன்பது பேருக்கு வீட்டில் ஒரே போன்தான். யார் வீட்டுப் போன் எந்த வாரம் எந்த ஷிப்டுக்குப் போகிறது என்று ஒரு அட்டவணை எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினேன். அதைப் பார்த்துத்தான் அன்றிலிருந்து கணக்குப் போட்டேன். என் வீட்டுக்காரர் தண்ணீர் எடுக்க வந்தவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அதை முழுக்கப் படித்தார். "எனக்கு இந்த வாரம் என்ன ஷிப்ட்டுன்னு உனக்குத் தெரியுமா? கொளஞ்சி ஷிப்ட் மட்டும் மனப்பாடமா?"

பிடுங்கும் கையும் கேட்கும் கையும்

வார நாட்களில் எங்கள் பள்ளியில் போன் கொண்டுவரும் பிள்ளைகளிடம் அதைப் பறிமுதல் செய்கிற பொறுப்பும் என்னுடையதுதான். கோபக்காரிக்குக் கொடுக்க வேண்டிய வேலை என்று முடிவு செய்து கொடுத்திருக்கிறார்கள். என் மேஜை டிராயரில் எப்போதும் நாலைந்து போன் இருக்கும். பெற்றோர் வந்து கையெழுத்துப் போட்டு வாங்கிப் போக வேண்டும்.

ஒரு சனிக்கிழமை, ஞாயிற்று வகுப்புக்காரர்களுக்கு நான் பேசி அனுப்பிய வாய்ஸ் நோட்டைத் தலைமை ஆசிரியை கேட்டுவிட்டார். "நாளைக்கு எல்லாரும் மறக்காம போன் எடுத்துட்டு வாங்க, வரைபடத்தப் படம் எடுத்து அனுப்பணும்" என்று அதில் கெஞ்சியிருந்தேன். அவர் டிராயரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "திங்கக்கிழமை பிடுங்குறீங்க, ஞாயித்துக்கிழமை கொண்டு வாங்கன்னு கெஞ்சுறீங்க. இதுல எந்த டீச்சருக்கு நான் சம்பள பில்லுல கையெழுத்துப் போடறது?"

மூடிக்கு நடு எங்கே

பத்தாம் வகுப்புக் கணக்கில் தொடுகோடு வரைவதும் வரைபடம் போடுவதும் கைக்கு எட்டும் மார்க். அதை மட்டும் விடாதீர்கள் என்று தலைபாடாக அடித்துக்கொள்வேன். அஞ்சலை ஒரு நாள் வட்டம் வரைந்து அனுப்பினாள். அச்சு மாதிரி வட்டம், ஆனால் மையப்புள்ளி இல்லை. காம்பஸ் எங்கே என்று கேட்டேன். முனை உடைந்துவிட்டதாம், சம்படத்து மூடியை வைத்து வரைந்தாளாம். மையம் இல்லாமல் தொடுகோடு எப்படி வரைவாய் என்று குரூப்பிலேயே ஒரு பிடி பிடித்தேன்.

நான் திட்டி முடிப்பதற்குள் வேலு ஒரு போட்டோ அனுப்பினார். வேலு அதே குரூப்பில் இருக்கிறவர், வொர்க்‌ஷாப்பில் ஃபிட்டருக்கு ஹெல்பர். வட்டத் தகடு ஒன்றில் சாக்பீஸால் இரண்டு நாண் போட்டு, இரண்டையும் சரிபாதியாக வெட்டுகிற செங்குத்துக் கோடுகள் இழுத்து, அவை சந்திக்கிற இடத்தில் ஒரு புள்ளி வைத்திருந்தார். மையம். பாடப் புத்தகத்தில் ஒரு பக்கம் நிரூபிக்கிற விஷயம். அஞ்சலை அதைப் பார்த்து, தன் மூடி வட்டத்துக்கும் நடுவைக் கண்டுபிடித்துத் தொடுகோடும் வரைந்துவிட்டாள். நான் வேலுவைப் பாராட்டினேன். அவருக்கு வந்ததோ வருத்தம். "இத நாங்க தெனம் பண்ணிகினு இருக்கோம் டீச்சர். இதுக்கு மார்க்கு உண்டுன்னு ஒருத்தரும் சொல்லலியே."

கரும்பு வண்டி

குரூப்பில் எனக்குப் பெரிய விரோதி ரோஜாப்பூ. காலையில் திறந்தால் குட் மார்னிங் ரோஜா, அதற்கு எட்டுப் பேர் கும்பிடு, நடுவில் ஒரு முருகர். என் கணக்கு எங்கோ மேலே போய்ப் புதைந்திருக்கும். ரோஜா போடக் கூடாது என்று உத்தரவு போட்டேன். மறுநாள் தாமரை வந்தது. அஞ்சலைதான் ஒரு வழி சொன்னாள். அவள் வீட்டுக்காரர் குரூப்பைத் தொடவே மாட்டாராம், ஆனால் ஊரில் ஒருத்தர் ஸ்டேட்டஸையும் விடமாட்டாராம். ஷிப்ட் முடிந்ததும் டீக்கடையில் நின்று எல்லார் ஸ்டேட்டஸையும் பார்த்துவிட்டுத்தான் வண்டியை எடுப்பாராம். கணக்கை ஸ்டேட்டஸில் போட்டால் புதைய வழியில்லை.

அன்றிலிருந்து தினம் ஒரு கணக்கு என் ஸ்டேட்டஸில். நெல்லிக்குப்பம் ஆலைக்குக் கரும்பு போகிற டிராக்டரை வைத்து ஒரு கூட்டுத்தொடர் கணக்குப் போட்டேன். அடி வரிசையில் அறுபது கட்டு, மேலே போகப் போக வரிசைக்கு இரண்டு கட்டு குறைவு, முப்பது வரிசை, மொத்தம் எத்தனை கட்டு? மத்தியானம் கொளஞ்சி நம்பரிலிருந்து ஒரு வாய்ஸ் நோட். முதல் தடவையாக உண்மையான கொளஞ்சியின் குரல். "டீச்சர், முப்பது வரிச ஏத்துனா வண்டி பண்ருட்டியே தாண்டாதுங்க. பத்துன்னு மாத்திப் போடுங்க, நானும் போட்டுப் பாக்கறேன்."

நான் அனுப்பிய ஃபார்வர்டு

இனி என் தப்புக்கு வருகிறேன். கணக்குத் தேர்வுக்கு முந்தின நாள் நல்ல மழை. எங்கள் பக்கத்தில் மழை பிடித்தால் எல்லோருக்கும் ஒரே கேள்வி, நாளைக்கு லீவா? கலெக்டர் அறிவிப்பதற்கு முன்பே வாட்ஸ்அப்பில் பத்து அறிவிப்பு வந்துவிடும். ராத்திரி எட்டு மணிக்கு ஆசிரியர் குரூப் ஒன்றில், மழையால் நாளைய தேர்வு ஒத்திவைப்பு என்று ஒரு செய்தி. படிக்கிறதற்கு அரசாங்கத்து நடையிலேயே இருந்தது. எதை அனுப்பினாலும் ஒரு முறைக்கு இரண்டு முறை சரிபாருங்கள் என்று ஊருக்கெல்லாம் சொல்லும் நான், அதைச் சரிபார்க்காமல் ஞாயிறு குரூப்பில் தட்டிவிட்டேன். உடனே கொளஞ்சி நம்பரிலிருந்து கும்பிடு வந்தது. அஞ்சலை பார்த்துவிட்டாள்.

ஒரு மணி நேரம் கழித்து ஆசிரியர் குரூப்பில் ஒருவர், இது எப்போதோ வந்த பழைய செய்தி, தேர்வு உண்டு என்று எழுதினார். என் செய்தியை அழித்தேன், தேர்வு உண்டு என்று பெரிதாகப் போட்டேன், ஒவ்வொருவராகக் கூப்பிட்டேன். பதின்மூன்று பேரும் கிடைத்தார்கள். கொளஞ்சி நம்பர் அடித்துக்கொண்டே இருந்தது. ஃபிரிட்ஜ் கதவைப் பார்த்தேன். நைட் ஷிப்ட். போன் பைக் பெட்டிக்குள் போய்விட்டது. அவள் தெருவில் வேறு யார் நம்பரும் என்னிடம் இல்லை. இரண்டு தடவை தோற்றவள், இந்தத் தடவை என்னால் தேர்வே எழுதாமல் போகப் போகிறாள். என் வீட்டுக்காரர் அட்டவணையில் விரலை வைத்தார். "காலையில வெளிய வந்ததும் அந்த ஆளு மொதல்ல என்ன பாப்பான்னு நீதானே சொன்ன?"

ஐந்து வரி

காலையில் கொளஞ்சியைக் கூப்பிட்டாலும் பிரயோஜனம் இருக்காது. நைட் ஷிப்ட் முடிந்து வருகிறவர்கள் போனை எடுக்க மாட்டார்கள் என்பது இந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும். அடுத்த ஷிப்டுக்கு ஆள் வரவில்லை, நீயே இருந்துவிடு என்று யாராவது சொல்லிவிடுவார்கள் என்ற பயம். எங்கள் வீட்டிலும் அதே கதைதான். ஆகவே ஸ்டேட்டஸ் ஒன்றுதான் வழி. அவர் காலையில் படிக்கிற மாதிரி அன்று ராத்திரியே சிவப்புப் பின்னணியில் எழுதினேன்: கொளஞ்சி. பரீட்சை தள்ளிப்போகவில்லை. தப்பு என்னுடையது. அஞ்சலைக்கு இன்று பத்து மணிக்குப் பண்ருட்டியில் தேர்வு. உடனே போங்கள்.

என் ஸ்டேட்டஸைக் கொளஞ்சி மட்டும் பார்ப்பதில்லை. சம்பந்தி வீடு, தையல்காரர், கேஸ் சிலிண்டர் போடுகிறவர், பழைய மாணவர்கள் என்று ஊரே பார்க்கிறது. ஐந்து நிமிஷத்தில் கோயம்புத்தூரிலிருந்து என் நாத்தனார் கூப்பிட்டாள். "அண்ணி, யாரு இந்தக் கொளஞ்சி? அவருகிட்ட நீங்க ஏன் ஊரறிய மன்னிப்புக் கேக்கறீங்க?"

பூட்டிய வீடு

மனசு கேட்கவில்லை. விடிந்ததும் நானும் என் வீட்டுக்காரரும் தூறலில் ஸ்கூட்டரைக் கிளப்பிக்கொண்டு முத்தாண்டிக்குப்பம் போனோம். அஞ்சலை வீட்டில் பூட்டுத் தொங்கியது. பக்கத்து வீட்டுப் பெண் வாசலில் பல் துலக்கிக்கொண்டே, "அது அப்பவே கேன்டீனுக்குப் போயிட்டுதே. பரீட்ச தள்ளிப் போச்சுன்னு டீச்சரே சொல்லிட்டாங்களாம்" என்றாள். அந்த டீச்சர் நான்தான் என்று சொல்ல வாய் வரவில்லை. கேன்டீனுக்குத் திரும்பி ஓடுவதா, இங்கேயே நிற்பதா என்று புரியாமல் நின்றேன். இருபத்தாறு வருஷத்தில் அப்படி ஒரு அரை மணி நேரத்தை நான் கழித்ததில்லை.

பைக் சத்தம் கேட்டது. போட்டோவில் பார்த்த அதே மீசை, கறுப்புக் கண்ணாடி மட்டும் இல்லை. பின்னால் அஞ்சலை, கேன்டீன் ஏப்ரனைக்கூட அவிழ்க்காமல். டீக்கடையில் ஸ்டேட்டஸைப் பார்த்தவர் நேரே கேன்டீனுக்குப் போய் அவளை ஏற்றிக்கொண்டு, ஹால் டிக்கெட்டை எடுக்க வீட்டுக்கு வந்திருக்கிறார். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு மன்னிச்சுடு என்றேன். கையெல்லாம் வெங்காய வாசனை. அவள் ஹால் டிக்கெட்டுக்காக உள்ளே ஓடினாள். கொளஞ்சிதான் பேசினார். "ஸ்டேட்டஸ நான் ஒருத்தன் பாக்கலீங்க, டீக்கடையில நின்ன அத்தினி பேரும் எட்டிப் பாத்தாங்க. இனிமே இவ பெயிலானா மானம் போறது எனக்குத்தான்."

சாவிக்கொத்து

அந்தச் சம்பவத்துக்குப் பிறகு குரூப்பில் ஒரு விதி போட்டேன். ஒவ்வொருவரும் பக்கத்து வீட்டு நம்பர் ஒன்றும் கொடுக்க வேண்டும். இன்னொரு விதி எனக்கு நானே போட்டுக்கொண்டது, அதை நீங்களே ஊகித்திருப்பீர்கள். முடிவு வந்த வாரம் கொளஞ்சிக்கு இரண்டாவது ஷிப்ட், ஆகவே காலையில் போன் அஞ்சலையிடம் இருந்தது. ஸ்கிரீன்ஷாட் ஒன்று வந்தது. கணக்கு, நாற்பத்தேழு. தேர்ச்சி. ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்து அழுதேன். பிள்ளைகள் பார்த்தார்கள், பார்க்கட்டும்.

இரண்டு மாதம் கழித்து என் போனில் ஒரு புது நம்பரிலிருந்து செய்தி. படத்தில் முகம் இல்லை. ஒரு கை மட்டும், அதில் ஒரு சாவிக்கொத்து. பேர் இருக்க வேண்டிய இடத்தில் 'அஞ்சலை, பத்தாம் வகுப்பு'. அதற்குக் கீழே ஒரு வாய்ஸ் நோட். பின்னால் கேன்டீனில் பாத்திரம் உருளும் சத்தம். அண்டா தூக்காமல், ஸ்டோர் நாற்காலியில் உட்கார்ந்து பேசுகிற குரல். "டீச்சர், இது என்னோட போனு, என்னோட நம்பருங்க. என்னைக் குரூப்புல சேத்துட்டு, அவரு பேர இப்பத் தூக்குங்க."

இருபத்தாறு வருஷ சர்வீஸில் நான் இரண்டு முறை வெளியேற்றிய ஒரே மாணவர் கொளஞ்சிதான், இரண்டு முறையும் அவர் மேல் ஒரு தப்பும் கிடையாது, அவர் என் மாணவரும் கிடையாது.